உறக்கமும் ஒற்றைத் தலைவலியும்

விடியற்கால முகூர்த்தத்திற்காக இரவெல்லாம் கண் விழித்த ஒருவருக்கு மறுநாள் மண்டையின் ஒரு பாதியில் வலி கிளம்புவதும், அவர் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் அயர்ந்து தூங்கி எழுந்தால் அந்த வலி இருந்த இடம் தெரியாமல் போய்விடுவதும் நம் வீடுகளில் நெடுநாளாகக் கண்டுவரும் அனுபவம். இவ்வளவோடு நின்றிருந்தால், தூக்கம் குறைந்தால் வலி வரும், தூங்கினால் நிவாரணம் கிடைக்கும் என்று எளிய கணக்கொன்றைப் போட்டு விஷயத்தை முடித்துவிடலாம். ஆனால் அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமையன்று வேலைக்குப் போகும் அவசரமின்றி வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் அதிகமாகத் தூங்கி எழும்போதும் அதே வலி வந்து சேர்கிறது. சில நாட்களில் நல்ல தூக்கத்தின் நடுவிலேயே, இன்னும் பொழுது புலராத நேரத்தில், வலியே அவரைத் தட்டி எழுப்பிவிடுகிறது. குறைந்தாலும் வலி, மிகுந்தாலும் வலி, நடுவிலும் வலி, முடிவில் அதுவே மருந்து என்று நான்கு விதமாக நடந்துகொள்ளும் ஒரு பொருளை என்ன காரணகாரிய முறையில் விளங்கிக்கொள்வது?

இந்தப் புதிர் இன்று தோன்றியதன்று. எட்வர்டு லிவிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1873 ஆம் ஆண்டில் ஒற்றைத் தலைவலியைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டபோது, இந்நோயின் வேகம் பல சமயங்களில் உறக்கத்தில் போய் அடங்குவதைத் தம் நோயாளிகளின் வரலாறுகளிலிருந்தே எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகு சென்ற ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டில் மூளையைப் பற்றிய சாஸ்திரம் வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியின் பயனாக, உறக்கக் கோளாறும் ஓயாத தலைவலியும் ஒருசேர உடையவர்களை, தற்செயலாக இரண்டு வியாதிகளுக்கு ஆளானவர்கள் என்று கருதுவது பொருந்தாது என்ற முடிவுக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்திருக்கிறார்கள். அந்த முடிவுக்கு அவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்பதைப் படிப்படியாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நோயின் இலக்கணத்தைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஒற்றைத் தலைவலி என்பது தலையில் உண்டாகும் வலி மட்டுமே என்று நினைப்பவர்கள், அந்த வலி வந்த நாளில் நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் சற்று நேரம் இருந்து பார்க்க வேண்டும். சன்னலுக்குப் போர்வையைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்த பிறகும் கதவிடுக்கில் புகும் ஒளிக்கீற்று அவருக்குக் கூசுகிறது; அடுத்த வீட்டு மிக்ஸியின் இரைச்சலைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொள்கிறார்; நேற்றுவரை பசியைத் தூண்டிய தாளிப்பின் வாசனை இன்று குமட்டலைக் கிளப்புகிறது; தலையணையில் முகத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்புவதற்கும் அவர் தயங்குகிறார், ஏனெனில் சிறு அசைவும் நாடித்துடிப்போடு சேர்ந்து வலியை உயர்த்திவிடுகிறது. மருந்து கொடுக்காவிட்டால் நான்கு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை நீடிக்கும் இந்த அவஸ்தை, மாதத்தில் ஓரிரு முறை வந்து போனால் ஒரு வகை. மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல் தலைவலி இருந்து, அவற்றுள் 8 நாளேனும் ஒற்றைத் தலைவலியின் குணங்களோடு அமைந்து, மூன்று மாதங்களுக்கு மேல் அது தொடருமானால், மருத்துவர்கள் அதனை நீடித்த ஒற்றைத் தலைவலி என்று வகைப்படுத்துகிறார்கள்.

இது அரிதான நோயன்று. உலகில் நூறு கோடிக்கு மேற்பட்டோர் ஒற்றைத் தலைவலிக்கு ஆளானவர்கள் என்று சர்வதேசக் கணக்கெடுப்புகள் கூறுகின்றன; ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. பெங்களூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், வயதுவந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஓராண்டுக்குள் இந்நோயை அனுபவித்திருந்தது தெரியவந்தது. இவ்வளவு பரவலாக இருந்தும், இரத்தப் பரிசோதனையிலோ சாதாரண ஸ்கேன் படத்திலோ சிக்காத காரணத்தால், நோயாளியின் சொல்லையே சந்தேகிக்கும் வழக்கம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் மறையவில்லை.

வலி எங்கே பிறக்கிறது என்பது அடுத்த கேள்வி. மூளையின் சதைக்கு வலியை உணரும் சக்தி கிடையாது. விழித்திருக்கும் நோயாளியின் மூளையில் அறுவை சிகிச்சை செய்ய முடிவதே இதற்குப் பிரமாணம். மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுகளிலும் அச்சவ்வுகளில் ஓடும் இரத்தக் குழாய்களிலும் வலியுணரும் நரம்பிழைகள் நிறைந்திருக்கின்றன. நெற்றி, கண், கன்னம், தாடை ஆகிய இடங்களின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பின் இழைகளே அவற்றுள் பெரும்பாலானவை. நியூயார்க்கைச் சேர்ந்த ஹரால்டு உல்ஃப் என்னும் மருத்துவர் தம் சகாவுடன் 1938 இல், நெற்றிப்பொட்டில் துடிக்கும் தமனியின் அசைவைக் கருவியால் பதிவு செய்து, எர்காட்டமின் என்ற மருந்தைச் செலுத்தியதும் துடிப்பின் வீச்சும் வலியும் ஒன்றாகக் குறைவதைக் காட்டினார். இரத்தக் குழாய் விரிவதே வலிக்குக் காரணம் என்ற கொள்கை அன்றிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கோலோச்சியது. ஆனால் பிற்காலத்தில் காந்தப் படக்கருவியின் துணைகொண்டு வலியின் நடுவிலேயே குழாய்களை அளந்து பார்த்தபோது, மண்டையோட்டுக்கு வெளியே உள்ள தமனிகள் விரியாமலே வலி நிகழ்வது தெரிந்தது.

இதற்கிடையில் வேறொரு தடயம் கிடைத்திருந்தது. முக்கிளை நரம்பின் இழைகள் தூண்டப்படும்போது அவற்றின் முனையிலிருந்து சி.ஜி.ஆர்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சிறு புரதத் துணுக்கு வெளிப்படுகிறது. லார்ஸ் எட்வின்சன், பீட்டர் கோட்ஸ்பி என்ற இரு அறிஞர்கள், வலியின்போது நோயாளிகளின் கழுத்துச் சிரையிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்து, அதில் இப்பொருள் உயர்ந்திருப்பதை 1990 ஆம் ஆண்டளவில் நிறுவினார்கள். இந்நோய் உடையவர்களின் இரத்தத்தில் அதைச் செலுத்தினால் பலருக்கு வலி வருகிறது என்பதை டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 2002 இல் காட்டினார்கள். அதைத் தடுக்கும் மருந்து தயாரிக்கப்பட்டு 2018 இல் நடைமுறைக்கு வந்தபோது, பல நோயாளிகளுக்கு வலிநாட்கள் குறைந்தன. ஒரு பொருள் வலியின்போது கூடுகிறது, செலுத்தினால் வலியைக் கொண்டுவருகிறது, தடுத்தால் வலி குறைகிறது என்ற இம்மூன்றும் ஒன்றுசேரும்போதுதான் அதன் பங்கு ஐயமற நிரூபணமாகிறது.

எனினும் இது வலி உண்டாகும் முறையை விளக்குகிறதேயன்றி, ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு நேரத்தில் அது ஏன் தொடங்குகிறது என்பதை விளக்கவில்லை. தொடக்கத்தைத் தேடியவர்கள் வலிக்கு முந்திய மணி நேரங்களைக் கூர்ந்து நோக்க வேண்டியதாயிற்று. நோயாளிகளில் மூவரில் அல்லது நால்வரில் ஒருவருக்கு, வலிக்குச் சற்று முன்பு கண்ணெதிரே மினுமினுக்கும் வளைகோடொன்று தோன்றிப் பார்வையின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நகர்கிறது. இதனை ஒளிக்குறி என்று சொல்லலாம். அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் லாஷ்லிக்கு இவ்வொளிக்குறி அடிக்கடி வருவதுண்டு. அவர் அதைக் கண்டு அஞ்சிப் படுத்துவிடாமல், ஒரு தாளில் பார்வையை நிலைநிறுத்தி, வளைகோடு நகர நகர அதன் எல்லைகளைக் காலக்குறிப்போடு வரைந்துகொண்டே வந்தார். பார்வைப்புலத்தின் எந்த இடத்திற்கு மூளையின் பார்வைப் பகுதியில் எந்த இடம் என்பது ஏற்கனவே தெரிந்திருந்தபடியால், மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒரு மாறுதல் நிமிடத்திற்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று 1941 இல் கணக்கிட்டுச் சொன்னார். மூன்றாண்டுகளுக்குப் பின், பிரேசில் நாட்டைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியாவோ, முயலின் மூளையில் கால்கைவலிப்பை ஆராயும்போது, நரம்பணுக்களின் மின்னியக்கம் ஒடுங்கி, அவ்வொடுக்கம் ஏறக்குறைய அதே மந்த வேகத்தில் பரவிச் செல்வதைக் கண்டார். தாளில் வரைந்த கோடும் முயலின் மூளையில் பதிவான மின்குறியும் ஒரே வேகத்தைக் காட்டியது தற்செயலன்று என்பது, 2001 இல் மனித மூளையை ஒளிக்குறியின்போதே காந்தப் படமெடுத்ததில் உறுதியாயிற்று. பரவும் ஒடுக்கம் என்று இந்நிகழ்ச்சிக்குப் பெயரிடலாம். இதற்கு மீண்டும் வரப்போகிறோம்.

ஆனால் ஒளிக்குறியும் தொடக்கமன்று. அதற்கும் முன்னால், வலி வருவதற்கு ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் முன்னதாகவே, அடங்காத கொட்டாவி, இனம் புரியாத அசதி, பிடரியில் பிடிப்பு, ஒரு வேலையில் மனத்தை நிறுத்த முடியாமை, இனிப்பின்மேல் திடீர் வேட்கை, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தேவை ஆகியவை தலைகாட்டுகின்றன. இவை வெறும் பிரமையாக இருக்கலாமோ என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக, நோயாளிகளின் கையில் மின்னணு நாட்குறிப்பைக் கொடுத்து, வலி வருமுன்னரே அவர்கள் உணர்வதைப் பதியச் செய்த ஆய்வொன்று 2003 இல் வெளியாயிற்று. பின்னால் திருத்தி எழுத இடமில்லாத அந்தக் குறிப்புகளில், வலி வரப்போகிறது என்று அவர்கள் சொன்னவற்றுள் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவானவை பலித்தன. பிறகு 2016 இல் ஜெர்மனியில் ஒரு பெண்மணி 30 நாட்கள் இடைவிடாமல் ஒவ்வொரு நாளும் காந்தப் படக்கருவிக்குள் சென்று படுத்தார். மூக்கினுள் சிறிது அம்மோனியா வாயுவைச் செலுத்தி முக்கிளை நரம்பைத் தூண்டி, மூளை அதற்கு எவ்வாறு மறுமொழி தருகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். அந்த மாதத்தில் அவருக்கு இயல்பாக வந்த தலைவலிகளுக்கு முந்திய 24 மணி நேரத்தில், ஹைபோதலாமஸ் என்ற பகுதியின் இயக்கம் மாறியிருந்தது படங்களில் தெரிந்தது. வலி இன்னும் பிறக்கவில்லை, நோய் பிறந்துவிட்டது.

தேடிவந்த இழை இந்த இடத்தில்தான் உறக்கத்தோடு வந்து முடிகிறது. ஹைபோதலாமஸ் என்பது மூளையின் அடிப்புறத்தில், நான்கு கிராம் அளவே எடையுள்ள ஒரு சிறு பிரதேசம்; பசி, தாகம், உடற்சூடு, சுரப்பிகளின் ஒழுங்கு ஆகியவற்றோடு உறக்கமும் விழிப்பும் அதன் ஆதிக்கத்தில் உள்ளவை. முதல் உலகப் போரின் காலத்தில் மூளைக்காய்ச்சல் ஒன்று ஐரோப்பாவில் பரவி, சிலரை நாட்கணக்கில் தூங்கவும் சிலரைத் தூக்கமின்றித் தவிக்கவும் செய்தபோது, வியன்னா நகரத்து மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எக்கனாமோ, இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, தூக்கமிழந்தவர்களுக்கு ஹைபோதலாமஸின் முன்பகுதியும், தூங்கி வழிந்தவர்களுக்குப் பின்பகுதியும் சிதைந்திருப்பதைக் கண்டார். உறக்கத்தைக் கொணரும் அணுக்களும் விழிப்பைக் காக்கும் அணுக்களும் அருகருகே இருந்து ஒன்றையொன்று அடக்குகின்றன என்ற இன்றைய கொள்கைக்கு அந்தத் துயரமான காலத்தின் கண்டுபிடிப்பே அஸ்திவாரம். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்கு நேர் மேலே, இதே ஹைபோதலாமஸுக்குள், இரவு பகலை அறிந்து உடலின் நேரத்தை நடத்தும் அணுக்கூட்டம் இருக்கிறது. எலிகளில் அதை நீக்கினால் அவற்றின் அன்றாட ஒழுங்கு குலைந்துபோவதை 1972 இல் இரு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே காட்டினார்கள். இதனை உடற்கடிகாரம் என்கிறோம்.

அப்படியானால் கொட்டாவியையும் அசதியையும் வேறு கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. முந்திய இரவு சரியாகத் தூங்காததால் கொட்டாவி வருகிறது, அதனால் தலை வலிக்கிறது என்று நோயாளியும் சுற்றத்தாரும் நினைக்கிறார்கள். உண்மையில் பல சமயங்களில் முந்திய இரவின் அமைதியின்மையும் அன்றைய கொட்டாவியும், ஹைபோதலாமஸில் ஏற்கனவே தொடங்கிவிட்ட தலைவலியின் முதற்பகுதியாகவே இருக்கக்கூடும். காரணம் என்று குற்றஞ்சாட்டப்பட்டது காரியத்தின் ஓர் அங்கமாக நிற்கிறது.

உறக்கமும் இவ்வலியும் ஒரே வேரில் கிளைக்கக்கூடும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று மரபியலிலிருந்து கிடைத்தது. மாலை ஏழரை மணிக்கே கண் செருகித் தூங்கிவிட்டு, அதிகாலை நாலரை மணிக்கு முழு விழிப்போடு எழுந்துவிடும் சுபாவம் தலைமுறை தலைமுறையாக இறங்கும் குடும்பங்கள் சில அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருப்பதை 1999 இல் ஆராய்ச்சியாளர்கள் விவரித்தார்கள். முந்துறக்கம் என்று சொல்லத்தக்க இக்கோளாற்றை உடைய வேறொரு குடும்பத்தில், உடற்கடிகாரத்தின் பற்சக்கரங்களாகிய புரதங்களைச் சீர்செய்யும் ஒரு நொதியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருப்பது 2005 இல் கண்டறியப்பட்டது. அந்த மாறுதலைச் சுமந்தவர்களை விசாரித்தபோது, அவர்களுள் மிகப் பலருக்கு ஒற்றைத் தலைவலியும் இருந்தது. ஒரு குடும்பம் தற்செயலாக இருக்கலாம் என்பதால், அதே நொதியில் வேறோர் இடத்தில் மாறுதலுற்ற இரண்டாவது குடும்பமும் ஆராயப்பட்டது. அங்கும் இரண்டு நோய்களும் சேர்ந்தே வந்தன. பின்னர் அதே மாறுதலைச் சுண்டெலிகளில் உண்டாக்கிப் பார்த்தார்கள். சுண்டெலி தனக்குத் தலை வலிக்கிறது என்று சொல்லாது. ஆயினும் மனிதர்களுக்கு ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும் நைட்ரோகிளிசரின் மருந்தைக் கொடுத்தபோது, அவை சாதாரண எலிகளைவிடச் சூட்டுக்கும் தொடுகைக்கும் அதிகமாகக் கூசின. லியாவோ கண்ட பரவும் ஒடுக்கம் அவற்றின் மூளையில் குறைந்த தூண்டுதலிலேயே எழுந்தது. 2013 இல் வெளியான இவ்வாராய்ச்சி, உடற்கடிகாரத்தின் ஒரு சிறு பிசகு உறக்கத்தின் நேரத்தையும் மூளையின் கூச்சத்தையும் ஒருங்கே மாற்ற வல்லது என்பதை ஐயத்திற்கிடமின்றி எடுத்துக்காட்டியது. எல்லா நோயாளிகளுக்கும் இந்த மாறுதல் உண்டு என்பது இதன் பொருளாகாது. அத்தகைய குடும்பங்கள் மிகச் சில. ஆனால் இரண்டு நோய்களுக்கும் இடையே வழி இருக்கிறது என்பதை அவை காட்டிவிட்டன.

இனி அன்றாட வாழ்வுக்கு வருவோம். நம் ஊர் ஏரிகளில் கலங்கல் என்று ஒன்று கட்டியிருப்பார்கள். நீர் அந்த மட்டத்தைத் தாண்டும்வரை ஏரி அமைதியாக இருக்கும், தாண்டியதும் வழிந்தோடும். ஏரிக்கு நீர் கொணரும் வாய்க்கால்கள் பல. வேளை தவறிய சாப்பாடு, உச்சி வெயில், மாதவிலக்கை ஒட்டிய ஹார்மோன் சரிவு, மனச்சுமை, தலைக்குக் குளித்து ஈரம் உலராமை என்று ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். கடைசியாகப் பெய்த தூறலில் கலங்கல் வழிந்தால் ஊரார் அந்தத் தூறலையே பேசுவார்கள். ஏரி முக்கால்பங்கு நிறைந்திருந்ததை மறந்துவிடுவார்கள். ஒற்றைத் தலைவலிக்கு ஆட்பட்ட மூளையின் தாங்கெல்லையும் இவ்வாறே செயல்படுகிறது. மற்றவை வாய்க்கால்களாக இருக்க, உறக்கத்தின் ஒழுங்கு மட்டும் கலங்கலின் உயரத்தையே நிர்ணயிக்கிறது. ஒழுங்கு கெடும்போது கலங்கல் தாழ்கிறது. நேற்று வழியாத அதே நீர் இன்று வழிகிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைத் தலைவலியை விளங்கிக்கொள்ளலாம். அதிகத் தூக்கம் என்பது ஓய்வு மட்டுமன்று, வழக்கத்திலிருந்து விலகலும்தான். விழிக்க வேண்டிய நேரத்தில் உடற்கடிகாரம் சுரப்பிகளை எழுப்பிவிட்டிருக்க, மனிதர் தூங்கிக்கொண்டிருக்கிறார். அதோடு, காலை ஆறு மணிக்குக் குடிக்கும் காப்பி அன்று ஒன்பது மணிக்குத் தள்ளிப்போகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேர்ந்து தூக்கத்தை வருவிக்கும் அடினோசின் என்ற பொருளின் வேலையைக் காப்பியிலுள்ள கஃபீன் தடுக்கிறது; நாள்தோறும் கஃபீனுக்குப் பழகிய மூளை, அது வரவேண்டிய வேளையில் வராதபோது வலியால் முறையிடுகிறது. விடியற்கால வலிக்கும் இதே தன்மையில் விடை உண்டு: இரவின் பிற்பாதியில் கனவுறக்கம் அடிக்கடி வந்து போகிறது, கார்ட்டிசால் சுரப்பு உயர்கிறது, உடற்சூடு ஏறத் தொடங்குகிறது; இவ்வளவு மாறுதல்கள் நெருங்கி நிகழும் நேரம் நாள் முழுவதிலும் வேறில்லை. மறுபுறம், வலியின் நடுவே நல்ல உறக்கம் பிடித்துவிட்டால், புலன்களின் செய்தியை மேலே அனுப்பும் தலாமஸ் தன் வாயிலைப் பெரும்பாலும் சாத்திக்கொள்கிறது. விழிப்பைக் காக்கும் மூளைத்தண்டின் அணுக்கள் ஓய்கின்றன. ஒளியாலும் ஓசையாலும் ஓயாமல் தூண்டப்பட்டுக்கொண்டிருந்த வலிப்பாதைக்கு அமைதி கிடைக்கிறது. மாறுதலைச் சகியாத மூளை என்ற ஒரே கருத்தால் முதலில் கேட்ட நான்கு கேள்விகளும் விளங்குகின்றன.

உறக்கக் கோளாறு என்று பொதுப்படச் சொன்னாலும் அதில் வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் தலைவலியோடு கொள்ளும் உறவு வேறு. தூக்கமின்மைக்கும் தலைவலிக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை: நார்வே நாட்டில் ஒரு மாவட்டத்து மக்களைச் சுமார் 11 ஆண்டு இடைவெளியில் இருமுறை விசாரித்ததில், முதலில் தூக்கமின்மை மட்டும் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் தலைவலியும், தலைவலி மட்டும் இருந்தவர்களுக்குத் தூக்கமின்மையும் வரும் வாய்ப்பு மிகுந்திருந்தது. குறட்டையோடு மூச்சு அடிக்கடி நின்றுபோகும் உறக்கத் தடைமூச்சில் இரவு முழுவதும் உறக்கம் துண்டு துண்டாகிறது. காலையில் தலை முழுவதும் அழுத்தும் வலியோடு எழும் இவர்களுக்கு, ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981 இல் அறிமுகப்படுத்திய காற்றழுத்தக் கருவி பெருந்துணையாக இருக்கிறது. பகலில் அடக்கமுடியாத தூக்கத் தாக்குதலுக்கு ஆளாகும் நார்கோலெப்சி நோயில், ஹைபோதலாமஸிலுள்ள ஒரெக்சின் என்ற விழிப்புப் பொருளைச் சுரக்கும் அணுக்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துவிட்டிருப்பது 2000 ஆம் ஆண்டில் தெரியவந்தது. அதே ஒரெக்சின் முக்கிளை நரம்பின் வலிப்பாதையையும் கட்டுப்படுத்துவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே இன்ன தலைவலி என்று கேட்பதோடு இன்ன உறக்கக் கோளாறு என்று கேட்பதும் சிகிச்சைக்கு இன்றியமையாதது.

உறவைக் கண்டறிவதில் ஒரு நுட்பமான தடை இருக்கிறது. பாஸ்டன் நகரத்தில் 98 நோயாளிகள் ஆறு வாரம் மணிக்கட்டில் அசைவுமானியை அணிந்து, நாள்தோறும் குறிப்பும் எழுதினார்கள். 2020 இல் வெளியான அதன் முடிவு எதிர்பார்த்தபடி அமையவில்லை: எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதற்கும் தலைவலிக்கும் தொடர்பு தென்படவில்லை, படுக்கையில் கழித்த நேரத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் தூங்கினார்கள் என்பதே முக்கியமாயிற்று. அந்தப் பங்கு குறைந்த இரவுக்குப் பின் தலைவலி அடுத்த நாளில் கூடவில்லை, அதற்கும் அடுத்த நாளில்தான் கூடியது. வியாழக்கிழமை தலை வலித்தால் புதன்கிழமை இரவை நினைத்துப் பார்க்கும் நோயாளி, செவ்வாய்க்கிழமை இரவு புரண்டு புரண்டு படுத்ததை நினைவில் கொள்வதில்லை. புதன்கிழமை தின்ற பண்டத்தின்மேல் பழியைப் போட்டு, ஒவ்வொரு உணவாக விலக்கிக்கொண்டே போகிறார்.

இவ்வளவு அறிவும் நோயாளிக்குப் பயன்படுமா? பயன்படும் என்பதற்கு அளவில் சிறிய, கருத்தில் பெரிய ஒரு பரிசோதனை சான்று கூறுகிறது. அமெரிக்காவில் ஆன் கால்ஹவுன், சட்டன் ஃபோர்டு என்ற இருவர், மாதத்தின் பெரும்பகுதி வலியோடு கழித்த 43 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உறக்கம் பற்றிய ஐந்து விதிகளையும், மற்றப் பிரிவுக்கு நம்பத்தகுந்ததாகத் தோன்றும் வேறு பழக்கங்களையும் கற்பித்தார்கள். எட்டு மணி நேரத்திற்கு இடமளித்து நாள்தோறும் ஒரே நேரத்தில் படுப்பது. படுக்கையில் தொலைக்காட்சி, புத்தகம், பாட்டு ஆகியவற்றை விலக்குவது. மனக்காட்சிப் பயிற்சியால் விரைவில் கண்ணயர்வது. படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்து, கடைசி இரண்டு மணி நேரத்தில் நீர் குறைப்பது. பகல் தூக்கத்தைக் கைவிடுவது என்பன அவ்விதிகள். ஆறு வாரத்தில் விதிகளைக் கைக்கொண்டவர்களின் வலி குறைந்தது. மற்றவர்களுக்கு அத்தகைய பயன் இல்லை. பின்னர் அவர்களுக்கும் அதே விதிகளைக் கற்பித்து முடித்த நிலையில், விதிகளைப் பெற்றவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேர் நீடித்த தலைவலியிலிருந்து எப்போதாவது வரும் தலைவலியின் நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். 2007 இல் வெளியான இந்த ஆய்வில் புதிய மாத்திரை எதுவும் சேர்க்கப்படவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மருந்தின் அருமையைக் குறைத்துச் சொல்வது என் கருத்தன்று. வலியைத் தொடக்கத்திலேயே நிறுத்தும் மருந்துகளும், வராமல் தடுக்கும் மருந்துகளும் பலருடைய வாழ்வை மீட்டுத் தந்திருக்கின்றன. ஆயினும் வலி மாத்திரையை அளவுக்கு மிஞ்சி உட்கொண்டால், மாத்திரையே வலியை வளர்க்கும் விபரீதம் நேர்கிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ, டிரிப்டான் வகை மருந்தை 10 நாளோ எட்டுமளவுக்கு மூன்று மாதத்திற்கு மேல் தொடர்பவர்கள் இந்த ஆபத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறார்கள். கடையில் கேட்டவுடன் கிடைக்கும் மாத்திரையாயிற்றே என்று எண்ணாமல் இக்கணக்கை வைத்துக்கொள்வது அவசியம். இத்தகைய மருந்தை நிறுத்துவதும் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நடைபெற வேண்டும். இதுவரை கண்டிராத கடுமையோடு நொடியில் தாக்கும் வலியும், கை கால் தளர்ச்சியோடும் பேச்சுக் குழறலோடும் வரும் வலியும் வேறு இனம். அவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குச் செல்வதைத் தவிர வேறு யோசனை கூடாது.

இந்நோயோடு வாழ்பவர், விடுமுறை நாளிலும் மாறாத விழிப்பு நேரம் ஒன்றைத் தமக்கென்று வகுத்துக்கொள்வதும், வலி வந்த நாளின் முந்திய இரண்டு இரவுகளையும் நாட்குறிப்பில் எழுதிவருவதும், மருத்துவரிடம் குறட்டையையும் பகல் தூக்கத்தையும் மறைக்காமல் சொல்வதும் மிகுந்த பலன் தருவன. ஆனால் இவற்றை அவர் தனியாகச் செய்துவிட முடியாது. இரவுப்பணியும் பகற்பணியும் வாரந்தோறும் மாறிவரும் ஆலைத் தொழிலாளிக்கும், எல்லோருக்கும் பின் படுத்து எல்லோருக்கும் முன் எழும் இல்லத்தரசிக்கும், ஒழுங்கான உறக்கம் என்பது அவர்களுடைய விருப்பத்தில் மட்டும் அடங்கியதன்று. வேலை வகுப்பவர்களும் வீட்டில் உடன் வாழ்பவர்களும் இடங்கொடுத்தால்தான் அது கைகூடும். ஒன்பது மணிக்கே படுக்கச் செல்பவரைச் சோம்பேறி என்றும், திருமண வீட்டில் இரவு தங்க மறுப்பவரை ஒட்டாதவர் என்றும், இருட்டறையில் கிடப்பவரைப் பாசாங்கு செய்பவர் என்றும் சொல்லும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அவருடைய மூளையில் நாலு கிராம் எடையுள்ள ஓர் உறுப்பு, மற்றவர்களுக்கு இல்லாத கூர்மையோடு ஒவ்வொரு மாறுதலையும் உணர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குத் தேவையான ஒழுங்கைத் தருவது, கண் பார்வை குறைந்தவருக்குக் கண்ணாடி தருவதைப் போன்ற கடமையாகவே கருதப்பட வேண்டும்.